யாழ்ப்பாணத்துக்கு வான்வழி திறந்த சேர் ஜோன் கொத்தலாவலை

பலாலி விமான நிலையம் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதியையே அதன் பிறந்த நாளாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே வேரூன்றி விட்டது. அன்றுதான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்ப்பலகை திரை நீக்கம் செய்யப்பட்டது. சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் எயார் விமானம் அங்கு தரையிறங்கியது. போர் முடிந்து 10 ஆண்டுகளின் பின்னர் தெற்கு வடக்குக்கு வழங்கிய கொடையாக அது அன்று வர்ணிக்கப்பட்டது. எம்மவர்களில் பலரும் அவ்வாறே நம்பினர். பலாலிக்கு வயது அதிகம் என்பதையும், தனது இரண்டாவது நாட்டுக்கு மக்களைச் சுமந்து செல்லும் உரிமையை இந்தக் குடாநாடு 1947 ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தது என்பதையும் இளைய தலைமுறையினர் அறியார்.

அந்த உரிமை கிடைத்த கதையில் தவிர்க்க முடியாத பெயரொன்று உண்டு. தமிழ் மக்கள் அவ்வளவு விரும்பி நினைவுகூராத பெயர் அது. இலங்கையின் மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் லயனல் கொத்தலாவலையின் வாழ்வை, பலாலியின் செம்மண்ணில் நின்றுகொண்டு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது என்று நாம் கருதுகிறோம்.

19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஏப்ரல் 4 ஆம் திகதி, அவர் செல்வமும் வன்முறையும் ஒருங்கே குடியிருந்த ஒரு வீட்டிலே பிறந்தார். தந்தையும் ஜோன் கொத்தலாவலை என்ற பெயரினர்தாம். பொலிஸ் திணைக்களத்தில் பணியாற்றிப் பின்னர் வர்த்தகத்தில் இறங்கியவர். தாயார் அலிஸ், காரீயச் சுரங்கங்களால் பெருஞ் செல்வம் திரட்டிய அத்திகல குடும்பத்தைச் சேர்ந்தவர். 1906 ஆம் ஆண்டின் இறுதியில் அக்குடும்பத்தின் ஒரே ஆண் வாரிசான பிரான்சிஸ் டிக்சன் அத்திகல சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக் குற்றம் மைத்துனரான மூத்த கொத்தலாவலை மீது சுமத்தப்பட்டது. வழக்கு முடிவடையுமுன்னரே, 1907 இல், அவர் சிறையில் நஞ்சருந்தி உயிர் நீத்தார். இலங்கையை அன்று உலுக்கிய அந்த வழக்கின் நிழலிலேதான் சிறுவன் லயனல் வளர்ந்தான். சுரங்கங்களையும் தோட்டங்களையும் தாயாரே தனித்து நின்று நிர்வகித்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட முரட்டுத் துணிவுக்கும், யாருக்கும் அஞ்சாத, சிலவேளை எவரையும் மதியாத வாய்த்துடுக்குக்கும் அந்த இளமைக்காலம் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

கொழும்பு றோயல் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியிலும் அவர் கற்றார். நாடு திரும்பித் தோட்டங்களையும் சுரங்கங்களையும் பொறுப்பேற்றார். இலங்கை இலகு காலாட்படையின் தொண்டர் அணியிலும் சேர்ந்தார். அரசியல் அவருக்கு வீட்டு வாசலிலேயே இருந்தது. தாயாரின் சகோதரிகளில் ஒருவர் எப்.ஆர்.சேனநாயக்காவையும் மற்றொருவர் ஜயவர்த்தன குடும்பத்தவர் ஒருவரையும் மணந்திருந்தனர். ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று எதிரணியினர் பின்னாளில் எள்ளி நகையாடியமைக்கு இந்த உறவுமுறையே அடிப்படை.

1931 இல் சர்வசன வாக்குரிமையுடன் அமைந்த முதலாவது அரசாங்க சபைக்குக் குருநாகலிலிருந்து தெரிவானார். 1936 இல் அமைந்த இரண்டாவது அரசாங்க சபையில் போக்குவரத்து, வேலைப்பகுதி அமைச்சரானார். வீதி, புகையிரதம், துறைமுகம், மின்சாரம் என்று நாட்டின் நரம்பு மண்டலம் முழுவதும் அவர் கையில் வந்தது. இதிலே புதிதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. 1935 நவம்பர் 27 ஆம் திகதி இரத்மலானையில் நாட்டின் முதலாவது குடிசார் விமானத்தளம் திறக்கப்பட்டிருந்தது. அங்கு முதன்முதலில் தரையிறங்கிய சிறிய பஸ்மொத் விமானம், சென்னைப் பறத்தல் கழகத்தின் பயிற்றுநரால் ஓட்டி வரப்பட்டது. 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானச் சேவையும் சென்னையிலிருந்து கொழும்பு வரை நீண்டது. இலங்கையின் வான்வழி தொடக்கத்திலேயே தமிழகத்தை நோக்கியே திறந்தது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். கொத்தலாவலையின் கந்தவளை மாளிகையும் அதே இரத்மலானையிலேயே அமைந்திருந்தது. வீட்டு முற்றத்தின் மேலே விமானங்கள் பறக்க, விடியற்காலையில் முட்டை அப்ப விருந்து வைத்து அரசியல் பேசுவது அவரது பாணி.

அமைச்சராக அவர் செயல்வீரர் என்பதை எதிரிகளும் மறுத்ததில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்டு, பலராலும் தட்டிக்கழிக்கப்பட்ட லக்ஷபான நீர்மின் திட்டம் அவரது பொறுப்பின் கீழேயே நிறைவேறி 1950 இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஆயின் அதே அமைச்சிலிருந்துதான் 1939 இல் இந்திய வம்சாவளித் தொழிலாளர் மீது அடியும் விழுந்தது. அரச திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்குவதென அமைச்சரவை முடிவு செய்த போது, அவர்கள் பெருமளவில் தொழில் புரிந்த புகையிரதப் பகுதியும் பொது வேலைப்பகுதியும் கொத்தலாவலையின் கீழேயே இருந்தன. அம்முடிவை அவர் தயக்கமின்றி ஆதரித்தார். தண்டவாளம் போட்டவர்களும் வீதிக்குக் கல் உடைத்தவர்களும் வீதிக்கு வந்தனர். இந்தியக் காங்கிரஸ் நேருவைத் தூதனுப்பியும் பயனில்லாது போயிற்று. அந்தப் பயணத்தின் போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உதயமானது. பாதைகளை அமைப்பதில் வல்லவரான ஒருவர், அப்பாதைகளை அமைத்த கைகளைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

இனிப் பலாலிக்கு வருவோம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பும் 9 ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இலக்காகின. அதன்பின் இலங்கைத் தீவெங்கும் விமான ஓடுபாதைகள் அவசரம் அவசரமாக முளைத்தன. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலே ஓடுபாதையாக்கப்பட்டது. வடக்கில் பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் அண்மையில், வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைந்த செம்மண் பிரதேசத்தில், பிரித்தானிய வேந்தர் விமானப்படை ஒரு தளத்தை அமைத்தது. விமானப்படையின் ஏடுகளில் அதற்குக் காங்கேசன்துறை என்றே பெயர். 1945 இல் 203 ஆவது அணியின் லிபரேற்றர் விமானங்கள் இங்கிருந்து வங்காள விரிகுடாவுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் மேலாகப் பறந்தன. நான்கு இயந்திரங்கள் பூட்டிய அப்பெரும் விமானங்கள் எமது வடலிக் காணிகளுக்கு மேலே தாழப் பறந்த ஓசையை அந்தத் தலைமுறையினர் நெடுங்காலம் மறக்கவில்லை.

போர் ஓய்ந்தது. படையினர் சென்றனர். ஓடுபாதையில் புல் முளைத்தது.

இந்த இடத்திலேதான் கொத்தலாவலையின் பங்கு வருகிறது. சுதந்திரம் வாசலில் நின்ற வேளை. சொந்த விமான சேவை இல்லாத நாடு சொந்தக் கொடி பிடிப்பதில் பொருளில்லை என்று அவர் எண்ணினார் போலும். போரில் பயன்பட்டு மிஞ்சிய டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. மூன்று விமானங்கள் பெறப்பட்டன. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அவற்றுக்குப் பெயரிடப்பட்டது. எயார் சிலோன் என்ற அரச விமான சேவை பிறந்தது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி, சுதந்திரத்துக்குச் சரியாக 56 நாட்களுக்கு முன்னர், கப்டன் பீற்றர் பெர்னாண்டோ ஓட்டிய சீதாதேவி இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. அது சென்று சேர்ந்த இடம் சென்னை. வழியில் இறங்கிய இடம் பலாலி.

சீதையை வான்வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்த கதையை நாம் அறிவோம். சீதாதேவி வான்வழியாக இலங்கையிலிருந்து பாரதம் சென்று, மாலையோடு மாலையாகத் திரும்பியும் வரக்கூடிய காலம் பிறந்துவிட்டது என்று அன்றைய யாழ்ப்பாணத்து வெற்றிலைத் தட்டங்களைச் சுற்றிப் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எமக்கு விருப்பமாயிருக்கிறது.

கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேரே பறப்பது டக்கோட்டாவுக்கு ஒரு பொருட்டேயல்ல. எரிபொருள் நிரப்புவதற்காகவோ இளைப்பாறுவதற்காகவோ அது பலாலியில் இறங்கத் தேவையில்லை. இறங்கியதற்குக் காரணம் பயணிகள். நாட்டின் முதலாவது தேசிய விமானத்தின் முதலாவது பயணத்திலேயே யாழ்ப்பாணம் ஒரு தரிப்பிடமாகக் கணிக்கப்பட்டது. அதற்கான நியாயம் வெளிப்படையானது. சென்னைக் கல்லூரிகளில் பயின்ற மாணவர், சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் சென்ற யாத்திரிகர், புடைவை வணிகர், புத்தக வியாபாரிகள், சங்கீத வித்துவான்கள், நாதஸ்வரக் கலைஞர் என்று குடாநாட்டுக்கும் தமிழகத்துக்குமிடையே ஓயாத போக்குவரத்து இருந்தது. அவர்கள் அதுவரை புகையிரதத்தில் தெற்கே இறங்கி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி சென்று மறுபடியும் ரயிலேற வேண்டியிருந்தது. கண்ணுக்கெட்டிய கடலுக்கு அப்பால் இருக்கும் ஊருக்குச் செல்ல எதிர்த்திசையில் நெடுந்தூரம் பயணம் செய்யும் விசித்திரம் அது. கொழும்புப் பயணமும் இலேசானதல்ல. இரவுத் தபால் புகையிரதத்தில் ஓர் இரவு முழுவதும் கழிய வேண்டும். விமானத்திலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

பின்வந்த ஆண்டுகளில் எயார் சிலோன் பலாலியைக் கொழும்புடனும் சென்னையுடனும் திருச்சியுடனும் இணைத்தது. கட்டுநாயக்கா பெரிதாக வளருமுன்னரே இலங்கையின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி பலாலிக்கு இருந்தது. நிறுவனமும் வளர்ந்தது. 1949 இல் அவுஸ்திரேலிய நஷனல் எயார்வேய்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, இலண்டனுக்கும் சிட்னிக்கும் நான்கு இயந்திர ஸ்கைமாஸ்ரர் விமானங்களை அனுப்பியது. அவற்றில் ஒன்றுக்கு லக்ஷபான என்றும் மற்றொன்றுக்கு இரத்மலான என்றும் பெயர். அமைச்சர் தமது சாதனைகளை வானத்திலே எழுதி வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

எனினும் ஒரு கையால் திறந்த வாசலை மறு கையால் மூடும் வேலையும் சமகாலத்திலேயே நடந்தது. சீதாதேவி பறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. அதுவரை வீட்டுக்கு வீடு போய் வருவது போலிருந்த இந்தியப் பயணத்துக்குக் கடவுச்சீட்டும் அனுமதியும் அவசியமாயின. அந்த அமைச்சரவையில் கொத்தலாவலை ஒரு தூண். பலாலியில் விமானம் இறங்கிய காலத்தில் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் எஸ்.ஜே.வி.செல்வநாயகம். அச்சட்டத்தை எதிர்த்து, அரசுடன் இணைந்த ஜீ.ஜீ.பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து, 1949 டிசெம்பரில் அவர் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். ஒரே தொகுதியின் மண்ணில் விமான நிலையமும் சமஷ்டிக் கோரிக்கையும் இரண்டாண்டு இடைவெளியில் வேர் கொண்டன.

1952 மார்ச்சில் டி.எஸ்.சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து காலமானார். மூப்பின்படி பதவி தமக்கே உரியதென்று கொத்தலாவலை எதிர்பார்த்தார். ஆனால் மகாதேசாதிபதி அழைத்தது மகன் டட்லியை. மனக்கசப்புடன் அமைச்சராகத் தொடர்ந்தார். 1953 ஓகஸ்ட் ஹர்த்தால் டட்லியின் உடலையும் உள்ளத்தையும் முறித்தது. ஒக்டோபர் 12 ஆம் திகதி கொத்தலாவலை பிரதமரானார்.

பதவியேற்றவுடன் அவர் பொன்னம்பலத்தை அமைச்சரவையிலிருந்து விலக்கினார். சேர் கந்தையா வைத்தியநாதனும் சு.நடேசனும் தமிழ் அமைச்சர்களாயினர். பின்னவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளராக நின்று, செல்வநாயகத்தையே காங்கேசன்துறையில் தோற்கடித்தவர். தந்தை செல்வாவைத் தோற்கடித்து ஐ.தே.க. வென்ற தொகுதி இதுவென்று இன்று சொன்னால் நம்புவோர் எத்தனை பேர்? ஆனால் அதுதான் உண்மை. கொழும்புடன் இணைந்து போனால் வடக்குக்கு நன்மை விளையும் என்ற நம்பிக்கை அன்று உயிரோடிருந்தது. சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியும் பலாலியின் விமானங்களும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக நின்றன.

வெளியுலகில் அவரது புகழ் ஓங்கியது. 1954 ஏப்ரல் இறுதியில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களைக் கொழும்புக்கு அழைத்து மாநாடு கூட்டினார். அதன் தொடர்ச்சியாக 1955 இல் பாண்டுங்கில் ஆசிய ஆபிரிக்க மாநாடு நடந்தது. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத்தின் ஆதிக்கமும் குடியேற்றவாதமே என்று அங்கே அவர் பேசியது நேருவைச் சினங்கொள்ளச் செய்தது. அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்றது. மலையக மக்கள் தொடர்பில் 1954 ஜனவரியில் நேருவுடன் அவர் செய்த ஒப்பந்தம் மட்டும் காகிதத்துக்கு அப்பால் அதிக தூரம் செல்லவில்லை.

எமது வாசகர்களுக்கு முக்கியமானது அதே 1954 இல் அவர் மேற்கொண்ட யாழ்ப்பாண விஜயம். ஊரூராக மாலைகளும் மேளதாளங்களும் அவரை எதிர்கொண்டன. கொக்குவில் இந்துக் கல்லூரியில் நடந்த வரவேற்பில், அதிபர் ஹண்டி பேரின்பநாயகம் மொழிப் பிரச்சினையை அவர் முன் வைத்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், இலங்கை ஒரே நாடாக இருக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர். பிரிவினை கோரியவர் அல்லர். சிங்களமும் தமிழும் சம அந்தஸ்துடன் அரசகரும மொழிகளாக இருப்பதற்கு அரசியலமைப்பிலேயே உறுதி வேண்டும் என்பதே கோரிக்கை. கொத்தலாவலை அதற்கு இணங்கினார். அரசியலமைப்பைத் திருத்துவதாக அந்த மேடையிலேயே வாக்களித்தார். மண்டபம் மகிழ்ந்தது.

அவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நாம் எண்ணவில்லை. கணக்குப் பார்த்துப் பேசும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. எதிரில் இருப்பவர் கேட்பது நியாயமாகத் தோன்றினால் சரி என்று சொல்லிவிடும் சுபாவம் அவருடையது. ஆனால் ஒரு நாட்டின் பிரதமர் கொடுக்கும் வாக்கு, விருந்தில் கொடுக்கும் வாக்கு அன்று. தெற்கில் செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. பிக்குமாரும் சிங்கள ஆசிரியர்களும் சுதேச வைத்தியர்களும் திரண்டனர். புத்தரின் பரிநிர்வாணத்தின் 2500 ஆவது ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது அவ்வெழுச்சிக்கு மேலும் உரமிட்டது. இரு மொழிகள் என்று கூறிவந்த பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி 1955 இல் தனிச் சிங்களத்துக்குத் தாவியது. கொக்குவிலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய வேளையில் கொத்தலாவலை தடுமாறினார். படிப்படியாகப் பின்வாங்கினார். 1956 பெப்ரவரியில் களனியில் கூடிய அவரது கட்சியின் மாநாடு, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று தீர்மானித்தது. கட்சியிலிருந்த தமிழர்கள் வெளியேறினர்.

அதனால் அவருக்குக் கிடைத்த பயன் யாது? ஏப்ரல் தேர்தலில், 1952 இல் 54 ஆசனங்களைக் கைப்பற்றியிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. கடைசி நேரத்தில் சிங்களம் மட்டும் என்றவரைவிட முதலில் சொன்னவரையே தெற்கு நம்பியது. காங்கேசன்துறையில் செல்வநாயகம் மீண்டும் வென்றார். அவரது கட்சி 10 இடங்களைப் பெற்றது. ஜூன் மாதம் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. வாக்கைக் காத்துத் தோற்றிருந்தால் வரலாறு அவரை வேறு விதமாகப் பதிவு செய்திருக்கும். வாக்கையும் இழந்து தேர்தலையும் இழந்தார்.

அதன்பின் அவர் அரசியலில் முன்வரிசைக்குத் திரும்பவில்லை. இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தில் ஒரு பண்ணையை வாங்கிக் குதிரைகளுடன் வாழ்ந்தார். தமது வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1956 இல் வெளியிட்டார். காலப்போக்கில் கந்தவளைக்குத் திரும்பி முதுமையைக் கழித்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் வளர்த்த பயிர் பட்டது. 1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி, ஜே.ஆர்.ஜயவர்த்தனவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் தரித்து நின்ற வேளை குண்டு வெடித்து அழிந்தது. பயணிகள் இறங்கியிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. கொக்குவிலில் மொழியுரிமை கேட்டுக் கைதட்டிய தலைமுறையின் பிள்ளைகள் ஆயுதத்தை நம்பும் கட்டத்துக்கு வந்திருந்தனர். அவர் வீட்டுக்கு அருகிலேயே, அவர் உருவாக்கிய நிறுவனத்தின் விமானத்திலேயே அந்தச் செய்தி வெடித்தது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. எயார் சிலோன் பழங்கதையாயிற்று. 1980 ஒக்டோபர் 2 ஆம் திகதி கொத்தலாவலை காலமானார். கந்தவளை மாளிகையையும் காணியையும் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கலாசாலைக்கென அவர் வழங்கியிருந்தார். இன்று அது அவர் பெயரில் பாதுகாப்புப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

அவர் மறைந்த பின் பலாலிக்கு நேர்ந்தவை எமது தலைமுறையின் சொந்த அனுபவங்கள். 1976 இல் அங்கு வந்த விமானப்படைப் பிரிவு, 1983 க்குப் பின் முழுப் படைத்தளமாக விரிந்தது. 1987 ஜூன் 4 ஆம் திகதி இந்தியாவின் அன்ரனோவ் விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 30 ஆம் திகதி இந்தியப் படையினர் பலாலியில் வந்திறங்கினர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை ஊர்களை விட்டு உடுத்த உடையுடன் வெளியேறினர். நாட்கணக்கில் திரும்பலாம் என்று வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துச் சென்றவர்கள் அநேகர். 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சாதாரண தமிழ்ப் பயணிகள். தரைப்பாதை மூடப்பட்டிருந்த அந்நாட்களில் வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் பிள்ளையின் விசாவுக்குமாக வான்வழியை நம்பியவர்கள் அவர்கள். சீதாதேவி சென்ற அதே பாதையிலேதான் அவர்களும் சென்றார்கள்.

2013 ஏப்ரலில், போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2015 இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வீதிகள் சில மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டன. விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் வேலிக்கு அப்பால் உள்ளன. விமான நிலையத்தின் விரிவாக்கம் பேசப்படும் போதெல்லாம் அக்காணிகளின் உரித்தாளர்களுக்கு வயிறு கலங்குகிறது. விமான நிலையம் வளர்வதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. வளர வேண்டும் என்பதே எமது அவா. ஆனால் 1947 இல் சீதாதேவி தரையிறங்குவதற்கு முழு ஊர்கள் காலியாக வேண்டியிருக்கவில்லை. ஓடுபாதைக்கு அருகே தோட்டக்காரர் வெங்காயம் கிண்டினர். பலாலி ஆசிரியர் கலாசாலையில் மாணவர் கற்றனர். விமானமும் பறந்தது. எந்த அளவு காணி விமானத்துக்கு உண்மையில் தேவை, எந்த அளவு படைத்தளத்துக்குத் தேவை என்பதை அரசாங்கம் பிரித்துக் காட்டட்டும். முன்னதற்குரிய நட்டஈட்டை உரியவரிடம் கலந்து பேசித் தீர்மானிக்கட்டும். பின்னதை விமான நிலையத்தின் பெயரால் கேட்பது முறையன்று.

2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30 இல் திருச்சியிலிருந்தும் நேரடிச் சேவையை ஆரம்பித்தது. எயார் சிலோன் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பழகிய அதே இரு ஊர்கள்.

ஒன்றைக் குறிப்பிட மறந்துவிட்டோம். 2019 இல் பலாலியின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் அடுத்துச் சிங்களமும் ஆங்கிலமும் எழுதப்பட்டிருந்தமை தெற்கில் சிலரால் சர்ச்சையாக்கப்பட்டது. கொக்குவில் மேடையில் கொத்தலாவலை வாக்களித்து அப்போது 65 ஆண்டுகள் கடந்திருந்தன.